அளவுகோலை விடாமல் நின்றேன்

என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது.

எங்கள் கம்பெனி பல நாடுகளில் பெரிய பாலங்களுக்கும் கோபுரங்களுக்கும் திட்டம் போட்டுக் கொடுப்பது. ஜார்ஜ் டவுன் அலுவலகத்தில் நான் அளவுகோல் பிடிப்பவன். சர்வேயர் செல்வம் அண்ணன் முக்காலியில் வைத்த கருவி வழியாகத் தூரத்திலிருந்து பார்ப்பார், நான் கோலை நேராக நிறுத்திப் பிடிப்பேன். நிலம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அப்படித்தான் கண்டுபிடிப்பார்கள். பத்தொன்பது வருடத்தில் நாங்கள் பேசியதைவிடக் கை காட்டியதுதான் அதிகம். கூச்சக்காரனான எனக்கு அதுதான் வசதி.

போன வருடம் அவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். அவர் மனைவி போன் செய்தார்.

“தம்பி, அண்ணன் ஒங்களத்தான் கேக்குறாரு. ஒருவாட்டி வந்துட்டுப் போங்க லா.”

இரண்டு முறை போனேன். கண்ணாடிக் கதவு போட்ட பெரிய இடம், கவுண்டரில் ஆங்கிலத்தில் கேட்பார்கள், என் சட்டையில் சேறு வேறு. இரண்டு முறையும் மோட்டார் நிறுத்துமிடத்திலிருந்தே திரும்பிவிட்டேன். மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து ஜெலுத்தோங் கடலோரத்தில் வேலை. புது சர்வேயர் குமார். காலை பத்து மணி, நல்ல வெயில். கருவியை அடுத்த இடத்துக்கு மாற்றும்போது கோலை வைத்த புள்ளியிலிருந்து அசைக்கவே கூடாது, அசைந்தால் காலையிலிருந்து எடுத்த அளவெல்லாம் வீண். “பாம்பு கடிச்சாலும் கோல விட்டுறாதடா, ஆஸ்பத்திரிக்கு அப்புறம் போலாம்” என்று செல்வம் அண்ணன் திட்டித் திட்டிப் பழக்கியது.

நிமிர்ந்து பார்க்கிறேன், குமார் புது இடத்தில் நிறுத்திவைத்த முக்காலிக்குப் பின்னால் செல்வம் அண்ணன் நிற்கிறார். அதே வெளுத்த தொப்பி. உள்ளங்கையைக் கவிழ்த்து, விரல்களை மடக்கி, வா வா என்று கூப்பிடுகிறார். சத்தியமாகப் பயம் வரவில்லை, அழுகைதான் வந்தது. ஓடிப்போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது, கை மட்டும் கோலை விடவில்லை. வெகுநேரம் கூப்பிட்டார். பிறகு கையை மெல்ல இறக்கிக்கொண்டார். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் அங்கே யாரும் இல்லை.

“அண்ணே, யாரப் பாத்து அழுவுறீங்க?” என் முதுகுக்குப் பின்னாலிருந்து குமார் வந்தான். “நோட்ட கெரெத்தா சீட்டுல விட்டுட்டேன் லா, அத எடுக்கப் போனேன்.”

கருவியிடம் போனவன் அங்கிருந்தே கத்தினான். “முக்காலிய யாரு எறக்குனது? என் இடுப்பு ஒடஞ்சிரும் போல!”

குமார் நல்ல உயரம். செல்வம் அண்ணன் என் தோளுக்குத்தான் வருவார்.

சாயங்காலம், அளவெல்லாம் பிசகில்லாமல் வந்திருக்கிறது என்று குமார் என் முதுகில் தட்டிக் கொடுத்தான். அந்தத் தட்டுதான் இன்றுவரை தூங்க விடவில்லை. கோலைப் போட்டுவிட்டு ஓடியிருந்தால் அரை நாள் வேலைதான் போயிருக்கும். எதற்குக் கூப்பிட்டார் என்றாவது தெரிந்திருக்கும்.

எழுதியது: ஆடி அமாவாசை, வியாழக்கிழமை.