முதலில் கண் திறந்தவள்

போன வாரம் மகள் நீல நிறப் பட்டி ஒன்றை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வந்து என் கண்மேல் கட்டிவிட்டாள். உள்ளே ஏதோ கூழ் மாதிரி. "போனை வச்சிட்டு, மணி அடிக்கிற வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டுப் படுங்கம்மா" என்று அதட்டல் வேறு. இந்த வயதில் பூனை வீடியோ பார்த்துக் கண்ணை எரிய வைத்துக்கொண்ட புண்ணியவதி நான். குளிர்ச்சி நன்றாகத்தான் இருந்தது. வாசனைதான் இல்லை. கண்ணில் குளிர் பட்டால் நந்தியாவட்டை மணக்க வேண்டும் என்று என் மூக்கை யாரோ பழக்கிவிட்டார்கள். யாரோ என்ன, நேசம்தான்.

நேசம் யாழ்ப்பாணத்துக்காரி. என் வீட்டார் கலகெதரவில் கடை வைத்திருந்தவர்கள். இருவரும் கண்டியில் ஒரே அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தோம். அங்கிருந்து ரயிலில் போய்வரும் தூரத்தில், கடுகண்ணாவையில் சோமா அக்கா என்ற சிங்களப் பெண்ணின் வீட்டோடு ஒட்டிய அறையில் குடியிருந்தோம். எங்கள் அதிகாரிக்கு எதிலும் நாலு பிரதி வேண்டும். நாலாவது கார்பன் பிரதியைப் பார்த்திருக்கிறீர்களா? எழுத்தா அழுக்கா என்றே தெரியாது. அதையும் ஒருத்தி வாசிக்க மற்றவள் ஒப்புப் பார்க்க வேண்டும். மாலை ரயிலில் இறங்கும்போது கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும்.

சோமா அக்காவின் வேலியோரம் ஒரு நந்தியாவட்டைச் செடி நின்றது. பறிக்கிற பூவெல்லாம் அவர் வீட்டுப் புத்தருக்கு, உதிர்ந்தது எங்களுக்கு. அதைத் தண்ணீரில் அலம்பி, பாயில் மல்லாந்து படுத்து, மூடிய இமைமேல் வைத்துக்கொள்வோம். பூ கிடைக்காத நாளில் ஆறிய தேயிலைச் சக்கையைக் கைக்குட்டையில் கட்டி வைப்போம். கன்னமெல்லாம் கறை வழியும். முதலில் கண்ணைத் திறப்பவள் தேத்தண்ணி போட வேண்டும் என்பது நேசம் போட்ட சட்டம். அதில் அவள் தோற்றதே இல்லை. எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. "தூங்கிட்டியாடி?" என்று எழுந்து பார்த்தே மாட்டிக்கொள்வேன்.

"ஓம், நித்திரைதான். எனக்குச் சீனி குறைச்சுப் போடு" என்பாள், கண்ணைத் திறக்காமலே.

கண் மூடியிருந்தால் வாய் தானாகத் திறக்கும் போலிருக்கிறது. முகத்துக்கு முகம் சொல்லக் கூசியதையெல்லாம் பூவுக்கடியில் கிடந்துதான் சொல்லிக்கொண்டோம். தமிழர்மேல் அங்கே இங்கே ஏதாவது அடிதடி நடந்தால் போதும், அவள் வீட்டில் திரும்பி வரச்சொல்லி நெருக்குவார்கள். "அவை கூப்பிடட்டும். நான் போகமாட்டன்" என்பாள். அவள் லீவில் ஊருக்குப் போகும்போதெல்லாம், இந்த முறை வராமலே இருந்துவிடுவாளோ என்று எனக்குச் சோறு இறங்காது. அவளைப்போல் ஒரு தோழி எனக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

தமிழர்களைத் தேடித்தேடி அடித்த அந்தக் கலவரம் கடுகண்ணாவைக்கும் வந்தது. கடைகள் எரிந்தன. சோமா அக்கா எங்கள் அறையைப் பூட்டிவிட்டு, எங்களைத் தன் சமையலறைக்குப் பின்னாலிருந்த விறகு அறையில் ஒளித்து வைத்தார். புகை அங்கேயும் தேடிக்கொண்டு வந்தது. புகைக்கு வந்த கண்ணீர் எது, பயத்துக்கு வந்தது எது என்று பிரிக்க முடியவில்லை. நான் கண்ணைக் கசக்கிக் கசக்கி வீங்க வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் சோமா அக்கா ஒரு தட்டு நிறையப் பூவோடு வந்தார். "கசக்க வாணாம் நங்கி. இது வை" என்றார். நங்கி என்றால் தங்கச்சி. அவர் தமிழ் அவ்வளவுதான். ஈரம் சொட்டச் சொட்டக் காம்போடு பறித்த பூ, புத்தருக்கு உரியது. இதை எழுதும்போதும் அவரை நினைத்துக் கை கூப்பத் தோன்றுகிறது.

சாக்கை விரித்துப் படுத்துக் கண்மேல் பூவை வைத்துக்கொண்டோம். வெகுநேரம் கழித்து நேசம் பேசினாள்.

"நான் ஊருக்குப் போறன்."

"எப்ப வருவ?"

"இனி வரமாட்டன்."

நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் அவள் முகம் தெரியும். தெரிந்தால் போகாதே என்று சொல்லிவிடுவேன். விறகு அறையில் ஒளிந்து கிடப்பவளிடம் அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? பக்கத்தில் சாக்கு அசைந்தது.

"நான் தோத்திட்டன்" என்றாள். "இரு, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்."

கண்ணைத் திறந்தபோது சமையலறைக்குள் நுழையும் அவள் முதுகுதான் தெரிந்தது. அந்தத் தேத்தண்ணியில் எனக்குப் பிடித்த மாதிரி சீனியை அள்ளிப் போட்டிருந்தாள்.

நிலைமை தணிந்ததும் வடக்கே போன பஸ்ஸில் ஏறிப் போனாள். பிறகு யுத்தம், பாதை திறப்பதும் மூடுவதுமாக வருடங்கள் ஓடின. அவளை வவுனியாவில் கண்டதாக ஒருவர் சொன்னார். அது வேறு யாரோ என்றார் இன்னொருவர். சோமா அக்கா காலமாகிவிட்டார். ரோட்டை அகலமாக்கியபோது வேலியும் செடியும் போயின. கார்பன் தாள் என்றால் என் மகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன வாரம் மணி அடித்த பிறகும் நான் பட்டியைக் கழற்றவில்லை. பிறவியில் இல்லாத பொறுமை இப்போது வந்து என்ன செய்ய? நெடுநேரம் அப்படியே கிடந்தேன். பக்கத்தில் யாரும் அசையவில்லை. கடைசியில் நானே எழுந்துபோய்த் தேத்தண்ணி போட்டேன், சீனி குறைத்து.