துடைத்துக் கொடுத்த வண்டு

பிக்கப்பின் பானெட் மேல், விரித்த டிஷ்யூ பேப்பரில், கருகருவென்று மின்னிக்கொண்டு கிடந்தது அந்த வண்டு. இப்போது எனக்கு ஏசி ரூமில் வேலை, கேட்டால் காபி வருகிறது. ஆனாலும் பத்து நிமிடம் நாற்காலியில் நிலையாக உட்கார முடியாமல் எழுந்து எழுந்து நடக்கிறேன். அந்த வண்டை என்னால் விட்டுத்தொலைக்க முடியவில்லை.

சில வருடங்களுக்கு முன், அபுதாபிப் பக்கம் அல் ஐனுக்கு வெளியே, ரோடு போடப்போகும் மணல்வெளியில் என்னென்ன பூச்சிகள் இருக்கின்றன என்று பட்டியல் எடுப்பது எங்கள் கம்பெனியின் வேலை. பார்த்து இனம் பிரித்துப் பெயர் எழுதுவது என் பொறுப்பு. வண்டி ஓட்டுவதும், மணலில் புதைத்துவைத்த பிளாஸ்டிக் டம்ளர்களில் விழுந்த பூச்சிகளைக் காலையில் பொறுக்கி வருவதும் டிரைவர் அண்ணனுடையது. அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். பல வருடம் வெயிலில் கம்பி கட்டிவிட்டு, லைசென்ஸ் எடுத்து ஸ்டியரிங் பிடித்தவர். "இனிமே நமக்கு நெழல்தான் தம்பி" என்று வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார்.

எனக்கு விசா முடிய இரண்டு மாதம் இருந்தது. புதுப்பிப்பார்களா என்று யாரும் வாய் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் அந்தத் தரைவண்டு வந்து சேர்ந்தது. கட்டைவிரல் நீளம், முதுகில் வெள்ளைப் புள்ளிகள். இங்கே திரியும் இனத்துக்குப் புள்ளி பன்னிரண்டு. இதில் ஆறுதான் இருந்தன. ஆறு என்றால் ஆப்பிரிக்க இனம். இந்தப் பக்கம் யாரும் பார்த்ததாக நான் படித்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. விசாவைப் பற்றி இனிக் கவலை இல்லை என்று அன்றே பெயர் எழுதி, படத்தோடு டாக்டருக்கு அனுப்பிவிட்டேன். டாக்டர் எங்கள் பிரிவுத் தலைவர், எகிப்துக்காரர்.

மறுநாள் விஷயத்தைச் சொன்னதும் அண்ணனுக்கு ஏகச் சந்தோஷம். "மண்ணோட கொண்டாராதீங்கன்னு சொன்னீங்கள்ல? டூத் பிரஷ் போட்டு நல்லா வெளக்கித்தான் குடுத்தேன்" என்றார். அந்தப் புள்ளிகள் வெள்ளை மயிர்க்கற்றைகள், அழுத்தித் தேய்த்தால் உதிர்ந்துவிடும். ஓடிப்போய் லென்ஸ் வைத்துப் பார்த்தால், மயிர் போன இடத்தில் மீதி ஆறு குழிகள் அப்படியே தெரிந்தன. இங்கே திரியும் அதே பன்னிரண்டு புள்ளி வண்டுதான். முதல் நாளே அதைப் பார்த்திருக்க வேண்டியவன் நான். அதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

அதற்குள் டாக்டரும் படத்தைப் பெரிதாக்கிக் கண்டுபிடித்திருந்தார். வண்டைக் கெடுத்தது யார் என்று கேட்டார். சுத்தமாகக் கொண்டுவரச் சொன்னது நான், லென்ஸ் வைக்காமல் எழுதியதும் நான். ஆனால் என் வாயில் வந்தது "டிரைவர்" என்ற ஒரே சொல். கலாஸ், அவன் கதை முடிந்தது என்றார் டாக்டர். அந்த வாரமே அண்ணனை ருவைஸ் பக்கம் சைட் டூட்டிக்கு மாற்றிவிட்டார்கள். மறுபடி கம்பி, மறுபடி வெயில். கேம்ப் பஸ்ஸில் ஏறும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோபம் என்று நினைத்தேன். கோபப்படட்டும், திட்டட்டும் என்று எனக்கு நானே சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன், கோழை.

இத்தனை வருடம் கழித்து, போன வெள்ளிக்கிழமை ஷார்ஜா ரோலாவில், துபாய் பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தில் அவரைப் பார்த்தேன். ஆள் வற்றிப்போய், புறங்கை கருகிக் கிடந்தது. வரமாட்டேன் என்ற மனிதரை இழுத்துக்கொண்டுபோய் டீ வாங்கிக் கொடுத்து, டாக்டரிடம் நான் சொன்னது, சொல்லாதது எல்லாவற்றையும் கொட்டினேன். ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கப்பைத் தொட்டியில் போட்டார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். "ஒங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டமேன்னு, ஒங்க மூஞ்சில முழிக்கவே கூசிப்போயில்ல இத்தன வருசமும் இருந்தேன்."

பிறகு, பஸ் வருகிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்புறம் விசா அடிச்சுக் குடுத்தாங்களா?"

அவரை மாற்றிய அந்த மாதமே கொடுத்துவிட்டார்கள் என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.