பவளமும் கன்னியப்பனும் ஏற்காடு போன நாள்

பெருநகர் கிராமத்துக் கன்னியப்பன் தன் மனைவியை ஏற்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னபோது, பவளம் அண்டாவில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். எழுபத்தொன்பதாம் வருஷம், தை அறுவடை முடிந்திருந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர்கள் சேர்ந்து போன வெளியூர் திருத்தணி ஒன்றுதான். அதுவும் மகள் அம்முலுவுக்கு மொட்டையடிக்க, லாரி நிறைய உறவுக்காரர்களோடு.

"ஏற்காடா? அங்க இன்னா கோயில் கீது?"

"கோயிலுக்கு இல்ல. சும்மா, மல பாக்க. நீயும் நானும் மட்டும்."

அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். ஒன்றரை வருஷமாக இருவருக்கும் சரியான பேச்சு இல்லை. காரணம் குடி. பொழுது சாய்ந்து வயலிலிருந்து வரும்போது கன்னியப்பன் தள்ளாடிக்கொண்டு வந்தான். வரப்பிலிருந்து சறுக்கி வாய்க்காலில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டான். தெருவில் கட்டியிருந்த எருமை மேலேயே போய் மோதினான். ஆற்றங்கரையில் யாரோ திருட்டுச் சாராயம் காய்ச்சுவது ஊருக்கே தெரிந்த சங்கதி. "எங்க போயி ஊத்திக்கினு வந்த?" என்று பவளம் கத்தும்போது அவன் இல்லையென்று சொன்னதே கிடையாது. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்ப் படுத்துவிடுவான். வாடை வரவில்லையே என்று அவளுக்கு ஓரிரு முறை தோன்றியது. வெற்றிலை போட்டு மறைக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு தடவை கோபித்துக்கொண்டு உத்திரமேரூரில் தாய் வீட்டில் பத்து நாள் போய் இருந்தாள். அவன் அண்ணன் ஏகாம்பரம் நாலு பேர் நடுவில் தம்பியைக் குடிகாரன் என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தான்.

அதனால் இந்தப் பயணத்தை அவள் ஒரு மன்னிப்பாகவே எடுத்துக்கொண்டாள். புளிச்சோறு கட்டினாள். அம்முலுவை ஏகாம்பரத்தின் மனைவி முனியம்மாளிடம் விட்டாள். காஞ்சிபுரம், வேலூர் என்று பஸ் மாறி மாறிச் சேலத்தில் ஒரு சத்திரத்தில் தங்கி, விடிந்ததும் மலை பஸ் ஏறினார்கள்.

"ஜன்னலாண்ட நீ உக்காரு" என்றான் கன்னியப்பன்.

பஸ் வளைந்து வளைந்து ஏற, கீழே சேலம் தீப்பெட்டிகளைக் கொட்டினதுபோலச் சின்னதாகிக்கொண்டே போனது. பவளத்துக்குக் குமட்டலும் வந்தது, சிரிப்பும் வந்தது. "அதோ பாரேன், நாம வந்த ரோடு! பாம்பாட்டம் கீது!" என்று அவன் தொடையைத் தட்டினாள். "ஜோரா கீது" என்றான் அவன், எதிர் சீட்டின் கம்பியைப் பிடித்தபடி. தலையைத் திருப்பவில்லை. அவனுக்கும் தலை சுற்றுகிறது போலிருக்கிறது என்று எண்ணி எலுமிச்சம்பழத்தை அவன் கையில் கொடுத்தாள்.

மேலே குளிர் சுரீரென்று இருந்தது. சாலையோரமெல்லாம் காப்பிச் செடிகள், கிளையை ஒட்டிச் சிவப்புப் பழங்கள். பவளம் நின்று நின்று பார்த்தாள். இரண்டு பழத்தைக் கிள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். ஏரிக்கு இறங்கும் படிக்கட்டில்தான் அது நடந்தது. மூன்றாவது படியில் கன்னியப்பன் கால் தவறி, முன்னால் போன ஒரு பெண்மணியின் முதுகில் கை ஊன்றி, இரண்டு பேருமாக உட்கார்ந்து எழுந்தார்கள். அந்த அம்மாள் திட்டினாள். படகுக்காரர்கள் சிரித்தார்கள்.

பவளத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "மலைக்கு வந்தும் ஊத்திக்கினியா? காலங்காத்தாலயா?"

அவன் எப்போதும்போலத் தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் ஒரு மைல் தூரம் அவள் முன்னாலும் அவன் பின்னாலுமாக நடந்தார்கள். அவள் சேலையின் மஞ்சள் நிறத்தைப் பார்த்தே அவன் வழி கண்டுபிடித்து வந்தான் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

லேடீஸ் சீட் என்ற பாறை விளிம்பில் கம்பி போட்டிருந்தார்கள். அங்கே ஓர் ஆள் முக்காலியில் தொலைநோக்கி ஒன்றை வைத்துக்கொண்டு, சேலம் ஜங்ஷனில் ரயில் நிற்பதுகூடத் தெரியும் என்று கூவிக்கொண்டிருந்தான். பவளம் கோபத்தில் வேண்டாமென்றாள். கன்னியப்பன் அவளைச் சமாதானப்படுத்துகிறவன்போல முன்னால் போய், தடவிப் பிடித்துக் குழாயில் கண்ணை வைத்தான்.

"அடேயப்பா! எல்லாம் தெரியுது பவளம். வூடு, மரம், ரயிலு, எல்லாம். வந்து பாரு."

தொலைநோக்கிக்காரன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "அண்ணே, இன்னும் மூடியே கழட்டலைங்க" என்றான்.

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். கன்னியப்பன் கண்ணை எடுக்கவில்லை. குழாய் முனையில் மூடி இருப்பதைப் பவளமும் பார்த்தாள். வாய்க்கால், எருமை, படிக்கட்டு, பஸ்ஸில் திரும்பாத தலை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்குள் வந்து விழுந்தன. அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆளில்லாத ஒரு பாறைப் பக்கம் போனாள்.

"என் மூஞ்சிய பாரு. இது எத்தினி வெரலு?"

"வேணாம் பவளம்."

"சொல்லுய்யா!"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். நேர் எதிரே ஒரு முறம் அகலத்துக்குத்தான் தெரிகிறது, அதுவும் மூட்டம் போட்டதுபோல. பொழுது சாய்ந்தால் அதுவுமில்லை. யூரியா வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு இரண்டு தடவை மெட்ராஸ் கண்ணாஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் வந்திருக்கிறான். கண்ணுக்குப் பின்னால் நரம்பு வாடிக்கொண்டே வருகிறது, மருந்து கிடையாது, இரண்டு மூன்று வருஷத்தில் முழுசாகப் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அப்ப குடி?"

"ஒரு சொட்டு தொட்டதில்ல."

"பின்ன ஏன்யா எங்கிட்ட பேச்சு வாங்கிக்கினு இருந்த? ஊரே காறித் துப்புச்சே!"

"குடிகாரன்னா திருந்துவான்னு வுட்டுடுவாங்க. குருடன்னு தெரிஞ்சா அண்ணன் பொது நெலத்துல காலு வைக்க வுடமாட்டான். உங்க அம்மா வூட்லயும் உன்ன கூட்டிக்கினு பூடுவாங்க." கொஞ்சம் நிறுத்திச் சொன்னான்: "பார்வ இருக்கச்சயே உன்கூட ஒரு எடம் பாத்துடணும்னு ஆச. லேட்டு பண்ணிட்டேன்."

பவளம் அவன் தோளில் முஷ்டியால் குத்தினாள். மறுபடியும் குத்தினாள். பிறகு அந்தத் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அவளை அதிகம் வதைத்தது அவன் கண் போவதுகூட இல்லை. ஒன்றரை வருஷமாகத் தன் வாயிலிருந்து வந்த வார்த்தைகள்.

உடனே ஊருக்குப் போய்விடலாம் என்றாள். அவன் கேட்கவில்லை. மறுபடியும் ஏரிக்கு வந்து படகு ஏறினார்கள். இந்த முறை படிக்கட்டில் அவள் அவன் கையைப் பிடித்திருந்தாள். படகில் அவன் அவளைத் தனக்கு நேர் எதிரே, முகத்தில் வெயில் படும்படி உட்காரச் சொன்னான். அவளையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"ஏரிய பாரு" என்றாள், படகுக்காரனுக்கு வெட்கப்பட்டு.

"ஏரி நம்ம ஊர்லயும் கீது" என்றான்.

ஊருக்குத் திரும்பியபின் இரண்டு வருஷம் அந்த ரகசியத்தைப் பவளம் காத்தாள். வயலுக்கு அவனுக்கு முன்னால் நடந்தாள். வரப்பு திரும்பும் இடத்தில் செருமுவாள், மடை வந்தால் வளையலைக் குலுக்குவாள். புருஷனை ஒரு நிமிஷம் தனியாக விடமாட்டேன் என்கிறாளே என்று பெண்கள் கேலி பேசினார்கள். எண்பத்தொன்றில் ஏகாம்பரம், குடிகாரன் கையில் நிலம் இருந்தால் குடும்பம் அழியும் என்று பெரியவர்களைக் கூட்டினான். பவளம் வாயைத் திறக்குமுன் கன்னியப்பன் எழுந்து நின்றான். "எனுக்கு ரெண்டு கண்ணும் தெரியலண்ணா. குடியெல்லாம் பொய்" என்றான்.

ஏகாம்பரம், அப்படியென்றால் பாகம் பிரிப்பதுதான் எல்லாருக்கும் நல்லது என்றான். வாய்க்காலை ஒட்டிய நிலத்தை அவன் எடுத்துக்கொண்டான். கன்னியப்பனுக்கு மேட்டு நிலம் வந்தது. பெரியவர்கள் தலையாட்டினார்கள். பிறந்த வீட்டார் வந்து கூப்பிட்டார்கள், பவளம் போகவில்லை. ஆள் பிடித்து, நடவு நட்டு, மண்டிக்கு மூட்டை ஏற்றி அனுப்பியது எல்லாம் அவள்தான். கன்னியப்பன் பம்பு செட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து மோட்டார் சத்தத்தைக் கேட்டபடி இருப்பான். அடுத்த வருஷம் வெளிச்சம்கூடத் தெரியாமல் போயிற்று.

இந்த நோவு வம்சத்திலும் வரலாம் என்று ஒரு நர்ஸ் சொன்ன நாளிலிருந்து, பொழுது சாயும் நேரத்தில் அம்முலு தெருவில் நடந்து வந்தால் பவளத்துக்குக் கை வேலை ஓடாது. மகள் வாசற்படி தாண்டும்வரை பார்த்துக்கொண்டே நிற்பாள். எண்பத்து நாலில் அவளை மெட்ராஸுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கன்னியப்பனும் வந்தான். மருந்து விட்டு, விளக்கு அடித்து, வெகு நேரம் பார்த்தார்கள். இப்போதைக்கு ஒன்றுமில்லை, ஆனால் வருஷா வருஷம் வந்து காட்ட வேண்டும் என்றார் டாக்டர்.

வெளியே பெஞ்சில் காத்திருந்த கன்னியப்பன், காலடிச் சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டான். "இன்னா சொன்னாங்க?"

பவளம் டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் அப்படியே சொன்னாள்.