சின்ன பின்

மேலகரத்தில் இருக்கும் என் செல்போன் கடையில், கல்லாவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் கறுப்பு வயர் ஒன்று தொங்குகிறது. ஒரு முனையில் கணினியில் சொருகும் அகன்ற தலை. மறுமுனையில் இப்போது யாரும் தேடாத பழைய சின்னத் தலை. விலை கேட்பவர்களிடம், ஒருவருக்காக எடுத்து வைத்திருக்கிறேன் என்பேன். அது பொய்யில்லை. அவருக்குக் கொடுக்கக் கூடாது என்றுதான் எடுத்து வைத்திருக்கிறேன்.

அவர் தென்காசியில் ஸ்டுடியோ வைத்திருந்த என் பழைய முதலாளி. அவரிடம் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் வேலையில் இருந்தேன். ஒரு சாரல் நாளில் குற்றாலத்து மண்டபத்திலிருந்து போன் செய்து, "சின்ன பின் வயரு ஒண்ணு எடுத்துட்டு வாட்டி" என்றார். வரவேற்பில் மாப்பிள்ளை பெண் படங்களைத் திரையில் ஓட்ட வேண்டுமாம். செல்போன்களுக்கெல்லாம் சின்ன பின் வந்திருந்த காலம் அது. வயர் நனையாமல் துப்பட்டாவில் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். படங்கள் இருந்த அவருடைய ஹார்ட் டிஸ்க்கில் அது ஏறவில்லை. பெண் வீட்டார் பார்க்க வயரை என் காலடியில் எறிந்தார். "சின்ன பின்னுன்னா சின்ன பின்னுதான், கண்ணு தெரியலையா? ஒரு வயரு எடுத்துட்டு வரத் தெரியல, ஒனக்கெல்லாம் எதுக்கு வேல?" மண்டபமே சிரித்தது. மறுநாளிலிருந்து ஸ்டுடியோவில் என் பெயர் சின்ன பின்னு. என் நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர், மாப்பிள்ளை வீட்டாரிடமும் அப்படித்தான் சொல்லி அறிமுகம் செய்தார். என் மாமனார் இன்றும் சில நேரம் அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்.

இந்தத் தலைகளுக்கெல்லாம் பெயர் உண்டென்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கணினியில் சொருகும் அகன்ற தலை ஏ. பிரிண்டரின் முதுகில் ஏறும் சதுரக் கட்டை பி. அந்த பி இளைத்துச் சிறுத்தபோது மினி. இன்னும் தட்டையானபோது மைக்ரோ. எப்படித் திருப்பினாலும் ஏறுவது சி. அவர் கேட்டது மினி, நான் கொண்டுபோனது மைக்ரோ. நம் ஊர்க் கடைகளில் இரண்டுமே சின்ன பின்தான். அவர் சொன்ன சொல்லுக்கு நான் சரியான வயரைத்தான் கொண்டுபோயிருந்தேன். இதைப் படித்த அன்று எனக்கு ஆறுதலே வரவில்லை. கோபம்தான் வந்தது, இன்றுவரை அது ஆறவில்லை.

போன சாரல் சீசனில் அவர் என் கடைக்கு வந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. மஞ்சள் பையிலிருந்து அதே ஹார்ட் டிஸ்க்கை எடுத்து வைத்தார். "சின்ன பின் வயரு ஒண்ணு வேணும்மா. எங்க வீட்டம்மா தவறிட்டா. அவ பேசுதது இதுல மட்டுந்தான் இருக்கு. தென்காசில எல்லாக் கடையிலயும் கேட்டுட்டேன், ஒண்ணுமே ஏற மாட்டேங்குது." மினி என்ற ஒரு சொல் தெரிந்திருந்தால் ஆன்லைனிலேயே வரவழைத்திருப்பார். நான் ஒரு மைக்ரோ வயரை நீட்டினேன். சொருகிப் பார்த்தார். "இதுவும் ஏறலியேம்மா."

"சின்ன பின்னுன்னா சின்ன பின்னுதான் அண்ணாச்சி. கண்ணு தெரியலையா?"

நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஏ, நம்ம சின்ன பின்னுல்லா நீ."

ஆணியிலிருந்து கறுப்பு வயரை எடுத்துக் கண்ணாடி மேசை மேல் வைத்தேன். அவர் கை நீண்டது. வயரின் மேல் என் கையை வைத்துக்கொண்டேன். "இதான் நீங்க தேடுதது. காசு வேண்டாம். எம் பேரச் சொல்லிட்டு எடுத்துட்டுப் போங்க."

கையை இழுத்துக்கொண்டார். "மறந்துட்டும்மா" என்றார்.

"மறக்கல அண்ணாச்சி. நீங்க கேட்டதே இல்ல."

கடையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஹார்ட் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். கடைப் பலகையில் என் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கிறது. வாசலில் நின்று தலையைத் தூக்கினால் போதும். அவர் குனிந்தபடியே சாரலில் நடந்து போனார். பெரியவரை இப்படி அலைக்கழிக்கலாமா என்று என் கணவர் கேட்டார். அலையட்டும் என்றேன். அதன் பிறகு இரண்டு முறை வந்துவிட்டார், இரண்டு முறையும் குனிந்த தலையோடுதான். வயரைத் துடைத்துத் திரும்ப ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.