நானூற்று ஏழாம் அறையில் சத்தம்

எங்கள் ஓட்டலில் பேய் கிடையாது. இதை நான் அடித்துச் சொல்வேன். இருபத்திரண்டு வருடமாக ஹவுஸ்கீப்பிங்கில் இருக்கிறேன், இப்போது அதற்கு நான்தான் சூப்பர்வைசர். செருப்புகூடப் போடாமல் வரவேற்பு மேசைக்கு ஓடி வந்த விருந்தினர்களைக் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன். சுவருக்குள் யாரோ மூச்சு விடுகிறார்கள் என்பார் ஒருவர். அலமாரிக்குள் வளையல் சத்தம் கேட்கிறது என்பார் இன்னொருவர். அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, காதைக் கூப்பிடச் சொல்லி ஆள் அனுப்புவோம்.

காது என்பது எங்கள் மெயின்டனன்ஸ் மெக்கானிக். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி முதலாளி முதல் தோட்டக்காரர் வரை எல்லோருக்கும் அவர் காதுதான். எனக்குக் காதண்ணன். அறைக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றுவார், ஃபேன், டிவி, குட்டி ஃபிரிஜ் எல்லாவற்றையும் அணைப்பார், நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். பத்து நிமிடத்துக்கு யாரும் வாய் திறக்கக் கூடாது. பிறகு எழுந்து, முழ நீள ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் முனையைச் சுவரில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்வார். மூச்சு விட்டது குளியலறைக் காற்றுப்போக்கியின் மூடியாக இருக்கும். வளையல் குலுக்கியது, லிஃப்ட் ஓடும்போது ஒன்றோடொன்று உரசிய ஹேங்கர்களாக இருக்கும். ஒரு ரப்பர் துண்டு, ஒரு வாஷர், அவ்வளவுதான். பேய் போய்விடும்.

"என்னண்ணே, ஒரு பேயையாவது எங்களுக்கு விட்டு வைக்கக் கூடாதா?" என்று கேட்டால், "பேய்க்கு வாடகை யாரும்மா கட்டுவா?" என்பார். அப்படித்தான் இருந்தார், அவர் மனைவி படுக்கையில் விழும்வரை.

அந்த அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. பத்து மாதம் அப்படியே கிடந்தார். காதண்ணனும் அவருடைய ஒரே மகளும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள். மகளுக்கு மருந்துக் கடையில் வேலை. இறந்த செய்தி கேட்டு நான் போனபோது, வாசலில் நின்று வருகிறவர்களிடமெல்லாம் அவர் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "தூக்கத்துலயே போயிட்டா. கூப்பிடவே இல்ல." பக்கத்தில் மகள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். புண்ணியம் செய்த சாவு என்று நாங்களும் பேசிக்கொண்டு திரும்பினோம்.

அது நடந்து நாலு வருடம் ஆயிற்று. அதற்குள் ஊர் அடையாளம் தெரியாமல் வளர்ந்துவிட்டது. எங்கள் தெருமுனையில் மெட்ரோ ரயில் நிலையம் வந்தது. அதன் கூடவே ஆறு புது ஓட்டல்கள் முளைத்தன, ஒவ்வொன்றும் கழுத்து வலிக்கிற உயரம். எங்கள் முதலாளி சும்மா இருப்பாரா? பின்பக்கத்துக் கார் நிறுத்துமிடத்தில் பதினோரு மாடிக்குப் புதுக் கட்டடம் எழுப்பினார். நாலு மாடிப் பழைய கட்டடத்தை எலும்பு மட்டும் மிஞ்சுகிற அளவுக்குப் பிரித்துப் போட்டு, புதுக் குழாய், புது ஏசி, புதுக் கூரை என்று மறுபடி உடுத்திவிட்டார். எட்டு மாதம் தூசியைத் தின்று தூசியைக் குடித்தோம்.

முடிந்த அறைகளை எங்களிடம் ஒப்படைக்கும் வேலை தொடங்கியது. ஒவ்வோர் அறைக்கும் ஒரு தாள். தண்ணீர், விளக்கு, பூட்டு, கறை என்று வரிசையாக இருக்கும். கடைசி வரி, சத்தம். அந்த வரிக்குக் காதண்ணன் கையெழுத்து வேண்டும், அதற்குக் கீழே என் கையெழுத்து. இரண்டும் விழுந்தால்தான் நான் மெத்தையில் விரிப்புப் போடுவேன். புதுக் கட்டடம் முடிந்தது, பழையதில் மூன்று மாடியும் முடிந்தன. நாலாவது மாடியில் நானூற்று ஏழு மட்டும் நின்றது.

முதல் நாள் கேட்டேன். "இன்னும் பாக்கணும்மா" என்றார். மறுநாளும் அதே பதில். மூன்றாம் நாள் மதியம் சாப்பாட்டு அறையில் ஆளைக் காணோம். மாடிக்குப் போய்ப் பார்த்தால், உறை பிரிக்காத மெத்தைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டிபன் பாக்ஸ் திறக்கவேயில்லை.

"என்னண்ணே இது, அறைக்குக் காவலா?"

உதட்டில் விரலை வைத்தார். நானும் நின்றேன். கூரைக்கு மேலேயிருந்து வந்தது. டக் டக். சின்ன இடைவெளி. டக். ஸ்பூனால் இரும்பைத் தட்டுகிற மாதிரி, மெதுவாக, ஆனால் தெளிவாக.

"இதுதானா? இதுக்கா மூணு நாளு? எங்கேர்ந்து வருதுன்னு தெரியலையா?"

"மொத நாளே தெரிஞ்சிடுச்சு. ஏசி குழாய்க்குள்ள காத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு தகடு இருக்கும். அதுல ஒரு திருகு லூசு. மிஷின் வேகம் மாறும்போதெல்லாம் அடிச்சுக்குது. வெளியே வராந்தாக் கூரையில மூடியத் தொறந்து கைய விட்டா ரெண்டு நிமிஷ வேலை."

"அப்புறம் என்ன? எனக்கே காது குத்தாதீங்கண்ணே."

வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சுக்குச் சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பேச்சு போனப்புறம் கட்டில் கம்பியில ஸ்பூனால தட்டித்தான் கூப்பிடுவா. எனக்கு ரெண்டு, விட்டு ஒண்ணு. பொண்ணுக்குச் சேர்ந்தாப்புல மூணு. அவளே கண்டுபிடிச்ச ஏற்பாடு."

எனக்குக் கைகளில் மயிர் சிலிர்த்தது. அவர் நிறுத்தாமல் பேசினார். நாலு வருடமாக வாயில் அடக்கி வைத்திருந்தது போல.

"அன்னிக்குக் கூப்பிட்டா. கூப்பிடவே இல்லன்னு நான் சொன்னது பொய். நான் ஹால்ல படுத்திருந்தேன். ராத்திரி டியூட்டி முடிச்சு ரெண்டு மணிக்கு மேல வந்து, துடைச்சுவிட்டு, ஊட்டிவிட்டு, அப்பத்தான் சாஞ்சேன். ஃபேனைத் திருப்பச் சொல்லுவா, தலகாணிய நகர்த்தச் சொல்லுவா, சும்மா பக்கத்துல உக்காரச் சொல்லிக்கூடக் கூப்பிடுவா. அந்த மாதிரிதான்னு நெனச்சு கண்ணை மூடிக்கிட்டே கெடந்தேன். ரெண்டாவது தடவையும் தட்டினா. தலகாணிய எடுத்துக் காதுல அமுக்கிக்கிட்டேன். தூங்கியும் போயிட்டேன். எழுந்து போய்ப் பாத்தா எல்லாம் முடிஞ்சிருந்துச்சு."

ஊரிலுள்ள அறைகளின் சத்தத்தையெல்லாம் கேட்டவர். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "விடுங்கண்ணே, உங்களுக்கும் உடம்புதானே" என்றேன். அது யாருக்கும் உதவாத பேச்சு.

"நாலு வருஷமா கூப்பிடல. இப்பத்தான் கூப்பிடறா. நானே போய்த் திருகை முறுக்கி அவ வாயை அடைக்கணுமா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பொண்ணுக்குத் தெரிய வேண்டாம்மா. அம்மா நிம்மதியாப் போனாங்கன்னுதான் அது நடமாடிட்டிருக்கு. தெரிஞ்சா என் மூஞ்சியில முழிக்காது" என்றார்.

யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கீழே வந்தேன். ஆனால் அன்று முழுக்க எந்த அறைக்குப் போனாலும் காதில் அந்தச் சத்தம்தான். தண்ணீர் சொட்டினாலும் இரண்டு, விட்டு ஒன்று. பேய் கிடையாது என்று அடித்துச் சொல்கிற நான், நாலாவது மாடிக்குப் போக வேண்டுமென்றால் கூட ஒரு ஆளை அழைத்துக்கொண்டேன். வெட்கக்கேடுதான், என்ன செய்வது!

எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் திங்கட்கிழமை. எந்த வேலை சொன்னாலும் திங்கட்கிழமைக்குள் என்பார். அந்தத் திங்கட்கிழமை மட்டும் நிஜமாகவே முக்கியமானது. முதலாளி வருகிறார், விருந்தினர்கள் வருகிறார்கள், பழைய கட்டடம் திறக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு ரூமுக்காக மொத்த மாடியும் நிக்குது. அவருக்கு என்ன பிரச்சினை?"

"சத்தம் இன்னும் சரியாகல சார்."

"அப்ப நாளைக்குக் காலையில கான்ட்ராக்டர் ஆளுங்களை வரச் சொல்றேன். கூரையப் பிரிச்சு மொத்தத்தையும் மாத்தட்டும். அவரை இனிமே அந்த மாடிப் பக்கம் விடாதீங்க."

முன்பின் தெரியாத நாலு பேர் சுத்தியலோடு வந்து அந்தக் கூரையை உடைப்பதைக் காதண்ணன் பார்த்தால் என்ன ஆவார்? யோசித்துப் பார்த்தேன், வேறு வழி தோன்றவில்லை. மகளுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொல்லவில்லை. "அப்பாவுக்கு உடம்பு முடியலம்மா, கொஞ்சம் வந்து கூட்டிட்டுப் போறியா?" என்று மட்டும் சொன்னேன். அடுத்தவர் வீட்டில் மூக்கை நுழைப்பது என் பிறவிக் குணம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அன்றைக்கு அது உண்மைதான்.

மூன்றரை மணிக்கு வந்தாள், மருந்துக் கடைக் கோட்டைக்கூடக் கழற்றாமல். நான் நானூற்று ஏழுக்கு அழைத்துப் போனேன். காதண்ணன் அதே நாற்காலியில் இருந்தார். மகளைக் கண்டதும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

"என்னப்பா பண்ணுது? ஜுரமா?" என்று நெற்றியில் கை வைத்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. நீ கிளம்பு. நான் வந்துடறேன். வெளிய போம்மா மொதல்ல."

அவளை வெளியே அனுப்ப எழப் போனார். அதற்குள் மேலே தட்டியது. டக் டக். டக்.

மகளின் கை நெற்றியிலேயே நின்றுவிட்டது. முகத்தில் ரத்தம் வற்றியதை நான் கண்ணால் பார்த்தேன். இவளுக்கு எப்படி விளக்குவது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவரே பேசிவிட்டார், ஒரே மூச்சில்.

"ஏசி தகடும்மா. வேற ஒண்ணுமில்ல. ஆனா அன்னிக்கு அம்மா கூப்பிட்டா. இதே மாதிரி ரெண்டு தடவை கூப்பிட்டா. நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். போகல."

அவள் அழுவாள், அல்லது கத்துவாள், இல்லாவிட்டால் விட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் உறை சரசரக்கிற சத்தம் கேட்டது.

"எனக்கும் கேட்டுச்சுப்பா" என்றாள்.

அவர் புரியாமல் பார்த்தார்.

"நான் பக்கத்து ரூம்ல படுத்திருந்தேன். விடிகாலை நாலு மணி வரைக்கும் உன் முறை, அப்புறம் என் முறை. மணியப் பாத்தேன். நாலாக இன்னும் பத்து நிமிஷம் இருந்துச்சு. அப்பா போவாருன்னு படுத்தே இருந்தேன். ரெண்டு தடவை உன்னைக் கூப்பிட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்புறம் மூணு தட்டினாங்கப்பா. என்னைக் கூப்பிட்டாங்க. அது உனக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டுச்சு. பத்து நிமிஷம்தானேன்னு இருந்துட்டேன்."

அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீ எல்லார்கிட்டயும் கூப்பிடவே இல்லன்னு சொன்னப்ப, நீ நெஜமாவே தூங்கிட்டேன்னு நெனச்சேன். அப்படியே இருக்கட்டும்னு நானும் தலையாட்டினேன்."

ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் பொங்கித் தின்றுகொண்டு, நாலு வருடம் இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றியிருக்கிறார்கள். அந்த அறையில் எனக்கு வேலையில்லை, கதவோரமாக ஒதுங்கி நின்றேன். ஜன்னலுக்கு வெளியே மெட்ரோ ஒன்று போனது. எதிர்க் கட்டடத்தில் யாரோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் மகளும் தரையைப் பார்த்தபடி இருந்தார்கள்.

மறுபடியும் தட்டியது. டக் டக். டக்.

இருவரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள்.

"நீ இரும்மா, நான் போறேன்" என்றார் அவர்.

"இல்லப்பா, நீ உக்காரு. நான் போறேன்."

"என் முறைம்மா. நான்தான் போகணும்."

"நான் போறேன்னு சொல்றேன்ல!"

அவள் கத்தியே விட்டாள். அவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார், அவள் உதறினாள், நடு அறையில் அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு, நான்தான் போவேன், நான்தான் போவேன் என்று சண்டை போட்டார்கள். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. கடைசியில் இருவரும் சேர்ந்தே வராந்தாவுக்குப் போனார்கள். நான் ஏணியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.