மிதக்க வேண்டிய மேடைக்கு விற்ற போல்ட்டுகள்

நட்டு, போல்ட்டு விற்பவனிடம் யாரும் யோசனை கேட்டு வருவதில்லை. முடிவை வீட்டிலேயே எடுத்துவிட்டு, சாமான் வாங்க மட்டும்தான் வருகிறார்கள். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வாய் வலிக்கப் பேசியவர்களுக்கு இது புரியும். திண்டிவனத்தில் என் ஹார்டுவேர் கடையில் ஒரே ஒரு மேடைக்குப் பட்ட பாடு இது.

பளபளப்பு

பிரம்மதேசம் பக்கத்து விவசாயி ஏழுமலை, நிலத்தில் குட்டை வெட்டி மீன் விட்டிருந்தார். நீல டிரம்களின் மேல் பலகை அடித்து, தண்ணீரில் மிதக்கிற மேடை போட வேண்டும். தினமும் காலையில் அதில் நின்று அவர் மனைவி தெய்வானை தீவனம் போடுவார். அந்தம்மாவுக்கு நீச்சல் தெரியாது. அதையும் அவரேதான் சொன்னார்.

எந்நேரமும் ஈரம் படுகிற இடம் என்று எவர்சில்வர் போல்ட்டை எடுத்து வைத்தேன். அவரோ முலாம் பூசிய சாதா போல்ட்டைப் பொறுக்கி வெயிலில் திருப்பிப் பார்த்தார். முலாம் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது என்றேன்.

"இன்னாண்ணா, நீங்க காட்டுறத விட இதுதான் பளபளன்னு இருக்குது. துருப்புடிக்கிற சாமான் இப்படியா இருக்கும்?"

வாஷர்

மறுநாள், மேடையை அடிக்கப்போகிற தெய்வானையின் தம்பி பாபு வந்தார். வெல்டர், அவர் ஊரில் பாதி கேட் அவர் கைவேலை. வாஷரைத் தொடவே இல்லை. பலகை ஊறிக் காயும், போல்ட்டின் தலை மரத்துக்குள் இறங்கிவிடும், அகல வாஷர் போடுங்கள் என்றேன். அலையில் கழலாத நைலான் நட்டையும் காட்டினேன். நட்டின் மேல் வெல்டு வைக்கப் போவதாகச் சொன்னார். வெல்டு பட்டால் முலாம் எரிந்துவிடும், துரு அங்கேதான் ஆரம்பிக்கும் என்றேன்.

"ஒரு பொட்டு வச்சேன்னா ஜென்மத்துக்கும் கழலாது. நீ வாஷர் விக்கப் பாக்குற."

வளையம்

கரையில் இரண்டு குழாய் நட்டு, அதில் தளர்வாக ஏறி இறங்கும் வளையத்தில் மேடையை மாட்ட வேண்டும். அப்போதுதான் தண்ணீரோடு மேடையும் ஏறும், இறங்கும். வளையத்தைப் பாபுவின் கையில் கொடுத்துக் காட்டினேன். கேட் செய்து பழகிய கை. மேடையைக் குழாயோடு போல்ட்டு போட்டு இறுக்கிவிடுவதாக முடிவு செய்திருந்தது.

"ஆடுச்சின்னா எங்கக்கா பயந்துக்கும். அசையாம அடிச்சி வுடப்போறேன், பேஜாரு பண்ணாத."

ஐப்பசி

மழையில் குட்டை நிரம்பியது. டிரம்கள் மேடையைத் தூக்கின. கரைப்பக்கம் குழாயை விட்டு வரவில்லை. மறுமுனை மட்டும் எழும்பி மேடை சரிவாக நின்றது. நட்டுகளைத் துரு ஏற்கெனவே தின்றிருந்தது. தெய்வானை தீவனக் கூடையோடு கால் வைத்ததும் போல்ட்டுகள் முறிந்தன. பலகைக்கும் குழாய்க்கும் நடுவில் கால் சிக்கி எலும்பு உடைந்தது. பக்கத்து நிலத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓடி வரும்வரை, சிக்கிய அந்தக் கால்தான் அவரை மூழ்கவிடாமல் பிடித்திருந்தது.

விழுப்புரம் ஆஸ்பத்திரியிலிருந்து பாபு நேராகக் கடைக்கு வந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"இந்த மாதிரி போல்ட்ட எதுக்குய்யா கடையில வச்சிக்கினு இருக்க?"

சாதா போல்ட்டை வைக்காத கடையை நீங்கள் பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

புது மேடை

தை மாதம் தெய்வானையே ஊன்றுகோலோடு வந்தார். எவர்சில்வர் போல்ட்டு, அகல வாஷர், நைலான் நட்டு, வளையம் எல்லாவற்றையும் அவரே கேட்டு வாங்கினார். ஏழுமலை வாசலிலேயே நின்றார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அந்தம்மா வாசல் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"பிளேட்டு வச்சி ஸ்க்ரூ போட்டுக்கிறாங்கண்ணா. துருப்புடிக்காததா போடுங்கன்னு டாக்டரக் கேட்டுக்கினே இருந்தாரு இவரு."

எங்கள் வியாபாரத்தில் நல்ல சரக்கு எப்போதும் இரண்டாவது தடவைதான் விற்கிறது.