சித்தப்பாவுக்கும் பல் வலி

ஆணுறை கிழிந்ததை நான் கவனித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சந்தவாசல் ஊரில் தையல் கடை வைத்திருந்த அவளும் நானும் நான்கு மாதமாகப் பழகி வந்தோம். இருவருக்கும் முப்பது தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. "பரவால்ல, வுடு" என்றாள் அவள். என்னால் விட முடியவில்லை.

ஜவ்வாது மலையில் ஒரு கிடங்கில் சாமை மூட்டையும் புளி மூட்டையும் எடை போடுவது என் வேலை. எடை குறைந்தால் எய்ட்ஸாக இருக்கலாம் என்று போனில் படித்ததிலிருந்து, மூட்டைகளுக்கு நடுவே நானும் தராசில் ஏறி நின்றேன். பயத்தில் சோறு இறங்கவில்லை. சோறு இறங்காததால் எடை இறங்கியது. எடை இறங்கியதைப் பார்த்துப் பயம் ஏறியது. ஒரு வாரத்தில் இரண்டு கிலோ போய்விட்டது.

"இன்னா சார், ஒங்களையும் மூட்டையோட கீழ அனுப்பறாங்களா?" என்று புளி கொண்டுவந்த விவசாயி கேட்டார்.

ஒன்பதாம் நாள் பரிசோதனைக்குக் கிளம்பினேன். பக்கத்து ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். அதனால் மலை இறங்கி, வெகுதூரம் பைக்கில் போய் ஓர் அரசு மருத்துவமனையைப் பிடித்தேன். வண்டியை நிறுத்திய பிறகும் ஹெல்மெட்டைக் கழற்ற மனம் வரவில்லை. அதோடேயே உள்ளே போய் எச்.ஐ.வி. பரிசோதனை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் ஒருவர் துண்டால் முகத்தைச் சுற்றி, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். இருமினார். அந்த இருமல் எனக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். சித்தி இறந்து ஆறு வருடமாகத் தனியாக இருக்கும் என் சித்தப்பா. ஊரில் ஜோடியாகப் பைக்கில் போகிறவர்களை நிறுத்தி விசாரிப்பவர்.

அவர் என் சட்டையை உற்றுப் பார்த்தார். "டேய், நீயா?"

"ஆமா சித்தப்பா. பல்லு வலி."

"எனக்கும் பல்லு தான்டா."

இருவரும் நிமிர்ந்து அறை வாசலில் இருந்த பலகையைப் பார்த்தோம்.

"இங்க நல்லா பாக்கறாங்களாம்" என்றார்.

உள்ளே ஆலோசகர் அம்மா, "ஹெல்மெட்ட கழட்டுங்க சார், இங்க லாரி எதுவும் வராது" என்றார். "மூணு நாளுக்குள்ள வந்திருந்தா தடுப்பு மாத்திரை குடுத்திருப்போம். இப்ப ஒரு டெஸ்ட், மூணு மாசம் கழிச்சு இன்னொண்ணு. அதுவரைக்கும் ஒழுங்கா சாப்புடுங்க."

முதல் பரிசோதனையில் இல்லை என்று வந்தது. எனக்குப் பின்னால் போன சித்தப்பா வெளியே வந்தபோது முகத்தில் துண்டைக் காணோம். என்னைக் கூட்டிப்போய் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார்.

அங்கிருந்தே அவளுக்குப் போன் செய்து, அவளும் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்று மெதுவாகச் சொன்னேன்.

"நான் மறுநாளே போய்ட்டு மாத்திரை வாங்கி முழுங்கினு இருக்கேன். ஒன்னால எனக்கு வந்துடுமோன்னு பயம் இருக்காதா?"

ஒன்பது நாளில் ஒருமுறைகூட எனக்கு அது தோன்றவில்லை. "ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பயந்துடுவேன்னு தான்."

மூன்று மாதம் கழித்து இருவரும் சேர்ந்து போனோம். இருவருக்கும் இல்லை. பேருந்து நிறுத்தத்தில் அவள் அழுதாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பூ விற்ற அம்மா என்னை முறைத்து, "பொம்பளைய அழ வெச்சுட்டு சிரிக்கறான் பாரு" என்றார்.